ஜனவரியில் இளகிய மூஸ் கறி

அடலீன் பாபியுக் கறிப் பொட்டலத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். பள்ளம் விழுந்தது. விரலை எடுத்துவிட்டுப் பள்ளம் மேலே எழும்புகிறதா என்று காத்திருந்தாள். எழும்பவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை பார்த்த முப்பது வருஷமும் வீங்கிய கால்களை இப்படித்தான் அழுத்திப் பார்த்திருந்தாள். அழுத்திய இடம் குழியாகவே நின்றால் சங்கதி சரியில்லை. அடுத்த பொட்டலத்தை அழுத்தினாள். அதற்கடுத்ததையும் அழுத்தினாள். ஃப்ரீசர் முழுக்க நீர் கோத்துக் கிடந்தது.

அவள் நின்றது கராஜில். மூச்சு விட்டால் வாய்க்கு முன்னால் வெள்ளையாக நிற்கும் கராஜ். தலையில் கம்பளித் தொப்பி, காலில் செத்துப்போன கணவனின் பூட்ஸ். ஜூலை வெயிலில் இதே ஃப்ரீசரில் கறி செங்கல் மாதிரி இருந்தது. சுத்தியல் வைத்துப் பிரித்தாள். இப்போது ஜனவரியில், கையுறை போட்டுக்கொண்டு நிற்கும்போது, கறி இளகிக் கிடக்கிறது. ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தாள். குடிக்கலாம் போலிருந்தது.

அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு ஃப்ரிட்ஜ். சமையலறையில் ஒன்று, கராஜில் ஒன்று. கராஜில் ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் அவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள், அல்லது புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் என்று அர்த்தம். இலையுதிர் காலத்தில் வேட்டையில் சுட்ட மூஸ் மான், கோடையில் பிடித்த மீன், முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய சோறு, உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டை எல்லாம் வசந்தம்வரை அங்கேதான் கிடக்கும். அடலீனின் பழைய நீளப்பெட்டி ஃப்ரீசர் போன வருஷம் உயிரை விட்டது. வசந்தத்தில் நெடுஞ்சாலை ஓரத்து விடுதியை இழுத்து மூடினார்கள். அறைகளில் இருந்த ஃப்ரிட்ஜுகளை வந்த விலைக்கு விற்றார்கள். மேலே ஃப்ரீசர், கீழே ஃப்ரிட்ஜ், இரண்டு கதவு. அடலீன் ஒன்று வாங்கினாள். தெருவில் வேறு சிலரும் வாங்கினார்கள்.

கராஜ் சாமான்களைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்வதில் அவளுக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. அக்டோபர் பிறந்ததும் பழைய சலவை இயந்திரத்தின் குழாயைத் தரையோடு தாழ்த்தி, வயிற்றில் இருக்கும் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை வடித்துவிடுவாள். ஒரு கோப்பைத் தண்ணீர் உள்ளே தங்கினாலும் உறைந்து, விரிந்து, பம்பைப் பிளந்துவிடும். அப்புறம் உறையாத ரோஜா நிறத் திரவத்தைக் கொஞ்சம் ஊற்றி, மூடியைச் சாத்தி, "ஏப்ரல்ல பார்க்கலாம்" என்பாள். நோயாளிகளிடமும் அவள் இதைவிட அதிகமாகப் பேசியதில்லை. கணவன் ஸ்டீவ் இறந்த அன்று மாலையே அவனுடைய மாத்திரைகளை மருந்துக்கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வரும் வழியில் ரொட்டி வாங்கி வந்தவள். அழவில்லையா என்று கேட்டவர்களிடம், "அழுதேன், ரொட்டி வாங்குறதுக்கு முன்னாடி" என்றாள்.

அப்படிப்பட்டவள் இப்போது பயந்தாள். காரணம் கறி இல்லை. மகன் டேரில்.

டேரில் கால்கரியில் விவசாயிகளுக்குக் காப்பீடு விற்கிறான். ஐம்பது வயது, பெரிய உடம்பு, நல்ல பிள்ளை. போன இலையுதிர் காலத்தில் அடலீன் அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டு மறந்து, அது தண்ணீர் வற்றிக் கருகிப்போனது. அன்றிலிருந்து அவன் எண்ண ஆரம்பித்துவிட்டான். பிள்ளைகள் எப்படி எண்ணுவார்கள் என்று அடலீனுக்கு நன்றாகத் தெரியும். முதியோர் இல்ல வாசலில் அவர்கள் எண்ணிச் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டவளே அவள்தான். முதலில் கெட்டில். அடுத்து சாவி. மூன்றாவதாக ஏதாவது ஒன்று வந்துவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

திங்கட்கிழமை அவன் தொலைபேசியில் பேசியிருந்தான்.

"அம்மா, அங்க இல்லத்துல ஒரு ரூம் காலியாம். ஞாயித்துக்கிழமை வர்றேன், பேசிக்கலாம். அவசரம் ஒண்ணும் இல்ல."

"அவசரம் இல்லேன்னா எப்ப பதில் சொல்லணுமாம்?"

"அடுத்த திங்கட்கிழமை."

"எந்த ரூம்?"

"கிழக்குப் பக்கம். நல்ல வெளிச்சம்மா."

"தெரியும். கட்டிலைப் போட்டா அதுல சக்கர நாற்காலி திரும்பாது. எத்தனை பேரை நான் அங்கேர்ந்து தூக்கி வெளிய கொண்டுவந்திருக்கேன் தெரியுமா?"

"அம்மா!"

"குளிக்கறதுக்குடா."

இப்போது ஞாயிற்றுக்கிழமை அவன் வருவான். வந்ததும் செய்கிற முதல் வேலை கராஜுக்குப் போய் ஃப்ரீசரைத் திறப்பதுதான். ஏனென்றால் உள்ளே கிடப்பது அவன் சுட்ட மூஸ். பாதியைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு மீதியை அம்மாவிடம் ஒப்படைத்திருந்தான்.

அவள் ஃப்ரிட்ஜின் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். பிளக் இருந்த இடத்தில் இருந்தது. கதவைத் திறந்தால் விளக்கு எரிந்தது. மேசை விளக்கைக் கொண்டுவந்து அதே இடத்தில் செருகினாள். அதுவும் எரிந்தது. அப்படியானால் மின்சாரம் இருக்கிறது. மோட்டார் மட்டும் பேச்சு மூச்சில்லாமல் நின்றது. தானே எப்போதோ பிளக்கைப் பிடுங்கி, எப்போதோ திரும்பச் செருகி, இரண்டையும் மறந்துவிட்டாளா?

போன வாரம்வரை வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. செவ்வாய்க்கிழமை மலைப்பக்கமிருந்து சினூக் என்ற வெப்பக்காற்று இறங்கியது. அது இறங்கினால் மத்தியானத்துக்குள் கூரையெல்லாம் சொட்டும், ஆண்கள் கோட்டைக் கழற்றி வெறும் சட்டையோடு திரிவார்கள், பாதி ஊருக்குத் தலைவலி வரும். ஆனால் வெளியே எந்தக் காற்று அடித்தால் ஃப்ரீசருக்கு என்ன? ஜூலையில் ஓடியது ஜனவரியில் ஓடாதா?

சமையலறைக்குப் போய் பெரிய பானையை அடுப்பில் ஏற்றினாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே தனக்குத்தானே ஞாபகப் பரீட்சை வைத்தாள். "ஆப்பிள், மேசை, நாணயம்." கேரட்டை நறுக்கி முடித்ததும் கேட்டாள். மூன்றும் வந்தன. ரொட்டிக் காகிதத்தின் பின்னால் கடிகாரம் வரைந்தாள். முள் இரண்டும் சரியான இடத்தில் நின்றன. ஆனால் கேட்பவளும் சொல்பவளும் ஒரே ஆளாக இருந்தால் அந்த மதிப்பெண்ணுக்கு என்ன மதிப்பு? போதாக்குறைக்கு அந்த மூன்று வார்த்தைகளையும் அவள் முப்பது வருஷமாக மற்றவர்களிடம் கேட்டவள். எல்லாவற்றையும் மறந்தாலும் அது மறக்காது.

கறியைக் காப்பாற்ற ஒரே வழி சமைப்பது. இன்னும் சில்லென்று இருந்ததால் கெடவில்லை. சமைத்ததை ஒளிக்க ஒரே வழி கொடுத்துவிடுவது. சாயங்காலம் ஒரு பானைக் குழம்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு பெர்னிஸ் ஊஸ்ட்ராவின் கதவைத் தட்டினாள். பெர்னிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். இன்னமும் கடைசி சீட்டுப் பிள்ளைக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவாள்.

"குழம்பு கொஞ்சம் கூடிப்போச்சு பெர்னிஸ்."

"கொஞ்சமா? இது குதிரைக்குத் தண்ணி காட்டுற தொட்டி மாதிரி இருக்குடீ! சரி சரி, இரு. வெறுங்கையோட போகாதே."

உள்ளே போனவள் ஒரு பெரிய தட்டு நிறையப் பன்றி விலா வறுவலோடு வந்தாள்.

"நேத்துத்தானே விலா குடுத்தே?"

பெர்னிஸின் முகம் ஒரு கணம் மாறியது. "குடுத்தேனா? ஆமா, குடுத்தேன். இது வேற விலா."

"எத்தனை பன்னியடி வெச்சிருக்கே?"

"உனக்கு எதுக்கு அந்தக் கணக்கு? நீ நல்லாத்தானே இருக்கே? ராத்திரி தூக்கம் வருதா?"

"எனக்கென்ன? நீ நல்லாத் தூங்குறியா?"

இருவரும் ஒருவரையொருவர் பரிவோடு பார்த்துக்கொண்டார்கள். அடலீன் வீட்டுக்கு வந்து யோசித்தாள். கொடுத்ததையே திரும்பத் திரும்பக் கொடுப்பது மறதி நோயின் முதல் அறிகுறி. பாவம் பெர்னிஸ். இரண்டு வருஷம்கூடத் தாங்காது. நினைத்துக்கொண்டே இரண்டாவது பானையை அடுப்பில் வைத்தாள்.

மறுநாள் எதிர்வீட்டு மெர்ல் ஸ்க்ரோவ் வந்தான். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவன், மனைவியை இழந்தவன். டப்பாவைத் திறப்பதைத்தான் சமையல் என்று சொல்வான். கையில் வாளி. வாளியில் மீன் சூப். லேசாக நொண்டிக்கொண்டே படியேறினான்.

"நானே வெச்சேன்."

"என்ன ஆச்சு மெர்ல்? டாக்டர்கிட்ட போனியா?"

"ஏன், பக்கத்துல இருக்கிறவளுக்கு ஒரு மனுஷன் சூப் கொண்டுவரக் கூடாதா?"

"இத்தனை வருஷமா கொண்டுவரலையே."

"இத்தனை வருஷமா நீ பசியோட இருக்கற மாதிரி தெரியல."

"இப்ப தெரியுதா?"

"வாளியை வாங்கிக்கறியா, இல்ல பெர்னிஸுக்குக் குடுக்கட்டுமா? அவளுக்கு ஏற்கனவே ஒரு வாளி குடுத்தாச்சு."

சனிக்கிழமை காலைக்குள் அடலீனின் சமையலறையில் அவள் கொடுத்ததைவிட வந்தது அதிகமாக இருந்தது. மூஸ் போயிற்று. பன்றியும் மீனும் வந்தன. ஜன்னல் விளிம்பில், நாற்காலியில், ஃப்ரிட்ஜின் மேல் என்று பாத்திரங்கள். இதில் டேரிலுக்கு எதைக் காட்டி எதை மறைப்பது? இரண்டு பேரையும் சனிக்கிழமை ராச்சாப்பாட்டுக்கு அழைத்தாள். அவர்கள் வயிற்றை நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

ஆனால் சினூக் அடித்துச் சாலை உலர்ந்திருந்தது. சாலை உலர்ந்தால் டேரிலுக்குப் பொறுக்காது. ஒரு நாள் முன்னாலேயே, சரியாக எல்லாரும் மேசையில் உட்கார்ந்த நேரத்தில் வந்து நின்றான்.

"என்னம்மா விசேஷம்? யாருக்குக் கல்யாணம்?"

"மெர்லுக்கு" என்றாள் பெர்னிஸ். "பொண்ணு இன்னும் சம்மதிக்கல."

"யாரு பொண்ணு?"

"அதைத்தான் தேடிக்கிட்டிருக்கோம். உக்காரு, சாப்பிடு."

டேரில் உட்கார்ந்தான். தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டான். பாதியில் நிறுத்தி முகர்ந்தான்.

"இது மூஸ்தானே?"

"ஆமா" என்றாள் அடலீன்.

"என் மூஸா?"

"வேற யாரு மூஸை நான் சமைக்கப்போறேன்?"

"மிச்சம் எங்க?"

"கொஞ்சம் உன் தட்டுல. கொஞ்சம் பெர்னிஸ் வீட்ல. மெர்ல் தின்னது போக."

டேரில் எழுந்து கராஜுக்குப் போனான். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஃப்ரீசர் கதவு திறக்கும் சத்தமும் கேட்டது. மெர்ல் ரொட்டியைச் சூப்பில் முக்கி, அதை அப்படியே முக்கியபடி வைத்திருந்தான். டேரில் திரும்பி வந்தபோது நாற்காலியில் உட்காரவில்லை.

"அம்மா. ஃப்ரீசர்ல துளி ஐஸ்கூட இல்ல. பிளக்கைப் பிடுங்கினியா?"

இந்தக் கேள்விக்கு எத்தனை தாய்மார்கள் எத்தனை விதமாகப் பதில் சொல்லி அடலீன் கேட்டிருக்கிறாள்! திருடன் வந்தான் என்பார்கள். மருமகள்மேல் பழி போடுவார்கள். சிலர் பேச்சை மாற்றி வானிலையைப் பற்றிச் சொல்வார்கள். சாமர்த்தியமாகச் சமாளித்தவர்கள்தான் இல்லத்துக்குச் சீக்கிரம் வந்துசேர்ந்தார்கள். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தெரியல. பிடுங்கினதா எனக்கு ஞாபகம் இல்ல. ஞாபகம் இல்லேன்னு சொல்றதுதான் உனக்குப் பயம்னா, எனக்கும் அதே பயந்தான். மூணு நாளா."

மெர்லின் ரொட்டி ஊறி உடைந்து சூப்பில் விழுந்தது.

"என்னோடதும்" என்றான் மெர்ல்.

"எது?"

"ஃப்ரீசர். மீனெல்லாம் நீச்சலடிக்கிற மாதிரி ஆயிடுச்சு. ஃப்யூஸ் மாத்தினேன். ஒயர் மாத்தினேன். கடைசியில ஒரு உதை விட்டேன்."

"பலன்?"

"கட்டைவிரல் நீலமாயிடுச்சு."

"அதான் நொண்டினியா?" என்றாள் அடலீன். "பக்கவாதம் வருதுன்னு நினைச்சேன். திங்கட்கிழமை உன்னை டாக்டர்கிட்ட தூக்கிக்கிட்டுப் போகலாம்னு இருந்தேன்."

"யார்கிட்டயும் சொல்லல. சொன்னா என் பொண்ணு கார் லைசென்ஸைப் பிடுங்கிடுவா."

எல்லாரும் பெர்னிஸைப் பார்த்தார்கள். பெர்னிஸ் வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினாள்.

"நான் பூனையைச் சந்தேகப்பட்டேன்."

"பூனை எப்படிடீ பிளக்கைப் பிடுங்கும்?"

"உனக்கு அந்தப் பூனையைத் தெரியாது. அடலீன், நீ ரெண்டு நாள்ல மூணு பானை கொண்டுவந்தே. சரி, இவளுக்கு மறதி வந்துடுச்சு, பாவம்னு நினைச்சேன். அதுக்காகவே எல்லாத்தையும் தின்னேன்."

"நான் உன் விலாவை எதுக்காகத் தின்னேன்னு நினைக்கிறே?"

டேரில் கடைசியில் உட்கார்ந்தான். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "மூணு பேரோடதும் அந்த விடுதி ஃப்ரிட்ஜா?" என்று கேட்டான். மூன்று தலைகள் ஆடின.

சாப்பாடு முடிந்ததும் மிச்சத்தை எங்காவது வைக்க வேண்டியிருந்தது. வீட்டு ஃப்ரிட்ஜில் விரல் வைக்க இடமில்லை. அடலீன் ஆவி பறக்கும் பானையைத் தூக்கிக்கொண்டு கராஜுக்கு நடந்தாள். பின்னாலேயே பெர்னிஸ்.

"சூடா ஃப்ரிட்ஜுக்குள்ள வைக்காதேடீ, கெட்டுப்போகும்!"

"கெடறதுக்கு அதுல இன்னும் என்ன இருக்கு?" என்று சொல்லி, கீழ் அறையைத் திறந்து பானையை உள்ளே தள்ளிச் சாத்தினாள் அடலீன்.

டேரிலும் மெர்லும் பின்பக்கத்தைப் பார்க்க ஃப்ரிட்ஜைச் சுவரைவிட்டு நகர்த்திக்கொண்டிருந்தார்கள். மெர்ல் ஒயரைப் பற்றி ஒன்று சொல்ல, டேரில் மறுத்து வேறொன்று சொல்ல, இருவரும் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஃப்ரிட்ஜ் ஒருமுறை குலுங்கி, உறும ஆரம்பித்தது. மெர்ல் ஓரடி பின்னால் தாவினான்.

"என்ன பண்ணினே?" என்றான் டேரில்.

"நான் தொடவே இல்ல!"

"அம்மா, நீ என்ன பண்ணினே?"

"குழம்பு வெச்சேன்."

நால்வரும் உறுமும் ஃப்ரிட்ஜைப் பார்த்தபடி நின்றார்கள். டேரில் கீழ்க்கதவைத் திறந்தான். ஆவி முகத்தில் அடித்தது. உள்ளே சுவரில் குளிரைக் கூட்டிக் குறைக்கிற ஒரு சின்னக் குமிழ் இருந்தது. அதைச் சுற்றித் தடவினான். மேல் அறையைத் திறந்து தேடினான். அங்கே குமிழ் இல்லை. நெற்றியைச் சொறிந்துகொண்டு மெதுவாகச் சொன்னான்:

"குளிரா இருக்கான்னு பார்க்கிற சாமான் கீழ மட்டுந்தான் இருக்கு. இந்த கராஜே இப்ப ஃப்ரிட்ஜ் மாதிரிதான் சில்லுன்னு இருக்கு. அதனால, வேலை முடிஞ்சுதுன்னு மோட்டார் தூங்கிடுது. மேல ஃப்ரீசர்ல என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியவே தெரியாது."

"அப்ப போன வாரம்? இருபத்தெட்டுல?" என்றாள் பெர்னிஸ்.

"அப்பவும் ஓடியிருக்காது. கராஜ் குளிர்லயே எல்லாம் தானா கட்டியாக் கிடந்திருக்கும். சினூக் வந்ததும் குட்டு உடைஞ்சுபோச்சு."

அடலீனுக்கு இது சட்டென்று விளங்கியது. "எங்க இல்லத்துல ஒரு நைட் நர்ஸ் இருந்தா. முதல் கட்டில்ல இருக்கிறவர் மூச்சு விடறாரான்னு பார்ப்பா. விட்டார்னா, வார்டு முழுக்க நல்லாயிருக்குன்னு எழுதிட்டுத் தூங்கப் போயிடுவா."

"அவளை என்ன பண்ணினாங்க?"

"தலைமை நர்ஸ் ஆக்கினாங்க."

மருந்து என்ன என்பது தெளிவாகிவிட்டது. கறி உறைய வேண்டுமென்றால் கீழ் அறையைச் சூடாக்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்குள் ஒரு பல்பைப் போட்டு எரியவிட்டால் போதும் என்றான் டேரில். மெர்ல் ஓடிப்போய் ஒரு பல்பு கொண்டுவந்தான். அது புதுமாதிரி பல்பு. எவ்வளவு நேரம் எரிந்தாலும் தொட்டால் சுடவில்லை. டேரில் கொண்டுவந்ததும் அப்படியே. ஊரில் இப்போது விற்பதெல்லாம் வெளிச்சம்தான், சூடு கிடையாது. கடைசியில் பெர்னிஸ்தான் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினாள். அவளுடைய மாமியார் காலத்துக் கிறிஸ்துமஸ் சரவிளக்கு. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கோழிமுட்டை அளவில் பல்புகள். தொட்டால் விரல் பொசுங்கும். வீட்டை எரித்துவிடும் என்று பயந்து வருஷக்கணக்கில் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை.

டேரில் அதைத் துண்டுகளாக்கி, ஒயரை ஒட்டி, பல்பு எதையும் தொடாதபடி ஒவ்வொரு துண்டையும் ஒரு சட்டத்தில் கட்டிக் கொடுத்தான். காப்பீட்டுக்காரன் அல்லவா, தீப்பிடிக்கும் விஷயத்தில் கறார். ஒரு துண்டை அம்மாவின் ஃப்ரிட்ஜில் வைத்தான். கதவைத் திறந்தால் உள்ளே திருவிழா.

எல்லாரும் போனபின் டேரில் துணியை எடுத்துப் பாத்திரம் துடைக்க வந்தான்.

"ஃப்ரிட்ஜ் விஷயம் சரி. கெட்டில்?"

"கெட்டில் நான்தான். அதுக்கு ஃப்ரிட்ஜ் மேல பழி போட மாட்டேன்."

"தானா அணையுற கெட்டில் ஒண்ணு வாங்கித் தர்றேன்."

"வாங்கு."

"மாசம் ஒரு தடவை வந்து பார்க்கறேன்."

"பாரு. ஆனா எண்ணாதே. நீ எண்ணறப்போ உதடு அசையுது."

டேரில் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை டேரில் ஃப்ரீசரைத் திறந்து பார்த்தான். ஐஸ் தட்டில் அம்மா ஊற்றி வைத்த தண்ணீர் பாறையாக இருந்தது. சமையலறைக்கு வந்து முதியோர் இல்லத்துக்குத் தொலைபேசி செய்தான். எடுத்த பெண் இளவயதுக்காரி, வேலைக்குப் புதிது.

"அந்தக் கிழக்குப் பக்கத்து ரூம் எங்களுக்கு வேண்டாம்" என்றான்.

காரணம் எழுத வேண்டும் என்றாள் அவள். டேரில் நேர்மையானவன். சொன்னான்.

"அம்மாவுக்கு மறதின்னு நினைச்சோம். அப்படி இல்ல. கராஜ் ரொம்பக் குளிரா இருந்ததால ஃப்ரீசர்ல இருந்த என் மூஸ் உருகிடுச்சு. இப்ப ஃப்ரிட்ஜுக்குள்ள கிறிஸ்துமஸ் விளக்கு போட்டிருக்கேன், நல்லா உறையுது. பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் போடப் போறேன்."

மறுமுனையில் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் மிகவும் கனிவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்: "சார், இப்ப உங்ககூட யாராவது இருக்காங்களா?"

அடலீன் கையைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை வாங்கினாள். "நான் அடலீன் பாபியுக். உன் மேசைக்குப் பின்னாடி சுவர்ல தொங்குற பழைய போட்டோவுல ரெண்டாவது வரிசைல நிக்கிறேன், பாரு. ரூமை அடுத்தவங்களுக்குக் குடு. சக்கர நாற்காலி இல்லாதவங்களாப் பார்த்துக் குடு." வைத்துவிட்டாள்.

பிறகு டேரில் மீதிச் சரவிளக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு மெர்ல் வீட்டை நோக்கி நடந்தான். அவள் பெர்னிஸின் காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.